ஆயில் இன்ஜினில் வெள்ளைப் புகை: நாசிலா, ஹெட்டா, லைனரா?

வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடுவார்கள். கடைமடையில் தாமதமாக நட்ட சம்பா அப்போதுதான் பால் பிடித்திருக்கும். இன்னும் இரண்டு மூன்று தண்ணீர் கட்டினால்தான் நெல் முற்றும். ஆற்றுப் பள்ளத்தில் தேங்கிக் கிடப்பதையோ குளத்துத் தண்ணீரையோ இறைத்துத்தான் கொடுக்க வேண்டும். சரியாக அந்த வாரம் பார்த்து எங்கள் ஆயில் இன்ஜின் வெள்ளை வெள்ளையாகப் புகை விட ஆரம்பித்தது. ஐந்து குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிற, தண்ணீரில் குளிர்கிற இன்ஜின். அப்பா வாங்கிப் போட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டது.

வந்து பார்த்த மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள். "கேஸ்கட் போயிருக்கும் தம்பி, ஹெட்டைக் கழட்டிடலாம்" என்றார் மெக்கானிக். ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி, கேஸ்கட் அதற்கடியில் கசியாமல் அடைக்கும் தகடு. பக்கத்து வயல் சித்தப்பா, "வயசாயிடுச்சுப்பா, லைனர் பிஸ்டன் செட்டா மாத்திடு" என்றார். லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் உள்குழாய். மாமாவோ, "இதைத் தள்ளிவிட்டுட்டு கரண்ட் மோட்டாருக்கு எழுதிப் போடு மாப்ள" என்றார். மூவரும் அனுபவசாலிகள். மூவர் சொன்னதும் ஏதாவது ஒரு இன்ஜினுக்குப் பொருந்தும். எங்கள் இன்ஜினுக்கு எது பொருந்தும் என்பதைப் புகையிடமே கேட்டிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துத்தான் அது எனக்குப் புரிந்தது. அந்த நான்கு நாளில் கற்றதையும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று இன்ஜின்களில் பார்த்ததையும் வைத்து, எந்த வழியை எப்போது எடுக்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் வரும் வெள்ளைப் புகை நோயே இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகும். சைலன்சர் சூடேறும் வரை அந்த ஆவி பனிபோலத் தெரியும். இன்ஜின் சூடாகி, பம்பு தண்ணீர் எடுத்து, சுமை ஏறிய பிறகும் புகை நிற்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்தப் புகையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று எரியாமல் வெளியே வரும் டீசல். சிலிண்டருக்குள் போதுமான சூடு இல்லாததால் டீசல் ஆவியாகி, எரியாமலே வெளியேறி, காற்றில் பட்டதும் நுண்ணிய துளிகளாகி வெள்ளையாகத் தெரிகிறது. மற்றொன்று நீராவி. குளிர்விக்கும் தண்ணீர் எங்கேயோ வழி கண்டுபிடித்து சிலிண்டருக்குள் போகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மூக்குக்கு ஒன்றல்ல. டீசல் புகை காரமாக நெடி அடிக்கும், கண் எரியும், வயல்மேல் வெகுதூரம் படலமாகத் தங்கும். நீராவியில் நெடி குறைவு, பத்தடி போவதற்குள் கரைந்துவிடும்.

மூக்கை நம்பாதவர்களுக்குப் பழைய செய்தித்தாள் இருக்கிறது. நான் செய்தது அதுதான். சைலன்சர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி, கம்பில் சொருகிய தாளை அரை நிமிடம் பிடித்தேன். தாள் ஈரமானது. அதை வெயிலில் வரப்பின்மேல் விரித்து, நான்கு மூலையிலும் மண்ணாங்கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் ஓரத்து ஈரம் காய்ந்துவிட்டது. நடுவில் மட்டும் வடை வைத்த தாள்போல எண்ணெய்க் கறை தங்கிவிட்டது. அதன் வழியே பின்பக்கத்து எழுத்துகூடத் தெரிந்தது. தண்ணீராக இருந்திருந்தால் முழுவதும் காய்ந்திருக்கும். ஆக, வருவது டீசல். கேஸ்கட் சந்தேகம் பாதி அப்போதே போய்விட்டது. மீதிப் பாதியை, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தீர்த்தது. ஆயில் கருப்பாக இருந்தது, தண்ணீர் கலந்தால் வரும் மோர் நிறமில்லை.

செலவில்லாத வழி

டீசல்தான் எரியாமல் வருகிறது என்று தெரிந்தால் பலரும் நேராக நாசிலுக்கு, அதாவது டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனைக்குப் போவார்கள். அதற்கு முன்னால் குளிர்விக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். நம் ஊரில் பெரும்பாலும் யாரும் ரேடியேட்டர் வைப்பதில்லை. பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் பிரித்து இன்ஜினுக்குள் விட்டு, மறுபக்கம் வாய்க்காலில் விழச் செய்கிறோம். தண்ணீர் நமக்குச் சும்மா கிடைக்கிறது, நிறையப் போனால் இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்து முழு வேகத்தில் திறந்தும் விடுகிறோம். அதனால் இன்ஜின் நாள் முழுக்கக் குளித்துக்கொண்டே ஓடுகிறது. லைனர் சுவர் சூடேறுவதே இல்லை. டீசல் சரியாக எரியாது, செலவு கூடும், எரியாத டீசல் லைனர் வழியே வழிந்து ஆயிலோடு கலக்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் சீக்கிரம் தேயும்.

வெளியே விழும் தண்ணீர் 60, 70 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் விரலை லேசாகக் காட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடிக்கு மேல் தாங்க முடியாத சூடு இருந்தால் சரி. எங்கள் இன்ஜினில் விழுந்த தண்ணீர், குளிக்கிற வெந்நீரைவிடக் குறைந்த சூட்டில் இருந்தது. ஹோஸில் ஒரு சின்ன கேட் வால்வு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பொறுத்து, தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் அடுத்த சுற்று. அவசரப்பட்டு ஒரேயடியாக மூடினால் ஹெட் வெடித்துவிடும், அந்தக் கவனம் முக்கியம். மாலைக்குள் புகை பாதியாகிவிட்டது. ஒரு வால்வு விலையில் அவ்வளவு நடந்தது.

இதே வேளையில் டீசல் டேங்கின் அடியையும் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். போன பருவத்து டீசல் என்றால் அடியில் தண்ணீர் நிற்கும், பாட்டிலில் தனி அடுக்காகத் தெரியும். அதைக் கொட்டிவிட்டு ஃபில்டர் மாற்றினால் சிலருக்குப் புகை அதோடு முடிந்துவிடும். இன்னொன்று சுமை. பெரிய இன்ஜினில் சின்னப் பம்பை மாட்டி மெதுவாக ஓட்டினாலும் சிலிண்டர் சூடேறாமல் வெள்ளையாகவே புகையும்.

நாசிலும் டீசல் பம்பும்

மீதிப் பாதிப் புகைக்காக நாசிலைக் கழற்றினோம். சில நூறு ரூபாயில், ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை இது. திறந்து பார்த்துச் சரியாக இருந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, திரும்ப மாட்டிவிடலாம். ஹெட்டைக் கழற்றினால் அப்படி விட முடியாது, புது கேஸ்கட் வாங்கியே ஆக வேண்டும். அதனால்தான், தண்ணீர் போகிறது என்பதற்குச் சான்று இல்லாதவரை, நாசிலை முதலில் பார் என்கிறேன்.

நாசில் பொருத்தியிருக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி, அதே பிரஷர் குழாயில் வெளியே மாட்டி, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் எப்படிப் பீய்ச்சுகிறது என்று தெரியும். ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பீய்ச்சலுக்கு எதிரே விரலைக் காட்டவே கூடாது. இந்த வகை இன்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் டீசல் வெளியே வருகிறது, அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். ஊசி குத்தின மாதிரிச் சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே விரலே அழுகிவிடலாம். பட்டுவிட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கள் நாசிலில் மூன்று துளை. நல்ல நாசில் என்றால் மூன்றிலும் ஒரே அளவு மூடுபனி பிரியும், ஒவ்வொரு பீய்ச்சலுக்கும் 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். எங்களுடையதில் ஒரு துளை முழுக்க அடைத்திருந்தது. இன்னொன்றில் மூடுபனிக்குப் பதில் நூல்போல ஒரு கோடு வந்தது. சத்தமே இல்லை. பீய்ச்சல் நின்ற பிறகும் முனையில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, கீழே விழுந்தது. அந்தச் சொட்டுதான் ஒவ்வொரு சுற்றிலும் எரியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

பம்பு நாசில் கடையில் புது நாசில் போட்டு, டெஸ்டிங் மெஷினில் அழுத்தம் வைத்துக் கொடுத்தார்கள். இதைக் கடையில்தான் செய்ய வேண்டும். நாசில் ஊசியும் அதன் உறையும் ஜோடியாகக் கடைந்தவை, இடைவெளி மைக்ரான் கணக்கில் இருக்கும். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நாசில் அன்றோடு சரி. திரும்ப மாட்டும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழையது குழிக்குள்ளேயே ஒட்டியிருக்கும், அதைக் கவனிக்காமல் புதியதையும் போட்டுவிடுவார்கள். இரண்டு வாஷர் ஆனால் நாசில் முனை மேலே ஏறிவிடும், டீசல் பிஸ்டன் குழிக்குப் பாயாமல் ஹெட்டில் பட்டு வழியும். புது நாசில் போட்ட பிறகும் புகை நிற்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த வாஷரைப் பற்றித்தான்.

நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்பை (தண்ணீர்ப் பம்பு அல்ல) அண்மையில் யாராவது கழற்றியிருந்தால் டைமிங்கையும், அதாவது டீசல் பாயும் நேரத்தையும் சந்தேகப்படலாம். பம்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தகடு கூடினால் டீசல் தாமதமாகப் பாயும், எரிந்து முடிக்க நேரம் போதாமல் வெள்ளைப் புகை வரும், இழுவையும் குறையும். குறைந்தால் முன்கூட்டியே பாய்ந்து 'டக் டக்' என்று தட்டும். ஐந்து குதிரைத்திறன் இன்ஜின்களில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 23 டிகிரி முன்னால் டீசல் பாய்வது வழக்கமான அளவு. உங்கள் இன்ஜின் தகட்டிலோ கையேட்டிலோ வேறு எண் இருந்தால் அதுதான் சரி. பம்பைக் கழற்றும்போதே எத்தனை தகடு என்று எண்ணி எழுதி வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

ஹெட்டைக் கழற்றுவது எப்போது?

தாள் சுத்தமாகக் காய்ந்து, புகையில் நெடி இல்லாமல் இருந்தால் ஹெட் கணக்கு. என் பங்காளி ஒருவரின் இன்ஜினில் இது நடந்தது. அவர் டிரம் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டு ஓட்டுபவர். தினமும் அரை வாளி குறைந்துகொண்டே இருந்தது, தரையில் ஒழுகின தடமே இல்லை. இன்ஜின் ஓடும்போது டிரம்மில் குழாய் வாயிலிருந்து விட்டுவிட்டுக் குமிழி வந்தது. சிலிண்டரில் எரிகிற காற்று கேஸ்கட் வழியே தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். இன்ஜினை நிறுத்தியதும் அதே வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். இதைப் பார்த்துவிட்டால் நாசிலில் ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது.

இந்த மாதிரி இன்ஜினை ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் அப்படியே ஹேண்டில் போடுவது ஆபத்து. பிஸ்டன்மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். வால்வைத் திறந்து வைத்து அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து, இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் மட்டும் மாற்றிவிட்டு மூடுவது பாதி வேலை. லேத் பட்டறையில் ஹெட் தளம் கோணியிருக்கிறதா என்று பார்த்து ஃபேசிங் போட்டு, அதாவது சீவிச் சமமாக்கி வாங்க வேண்டும், இரண்டு வால்வுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், கையோடு வால்வையும் உட்காரத் தேய்த்துவிட வேண்டும். ஃபேசிங்கில் அதிகம் சீவிவிட்டால் பிஸ்டன் ஹெட்டை முட்டும் அபாயம் உண்டு. பழைய மெக்கானிக்குகள் பிஸ்டன்மேல் ஈயக்கம்பி வைத்துச் சுற்றி, நசுங்கின கனத்தை அளந்துதான் மூடுவார்கள். அப்படிச் செய்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரென்ச் வைத்து, இரண்டு மூன்று தவணையாக முடுக்க வேண்டும். ஒருநாள் ஓட்டி, ஆறின பிறகு, மறுபடி ஒரு முறை முடுக்குவதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆயில் மோர் நிறமாகிவிட்டது, ஆனால் புகையே இல்லை என்றால் அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் இல்லை. லைனரைத் தண்ணீர் நேரடியாகத் தொடுகிற இன்ஜின்களில் லைனர் அடியில் ரப்பர் ரிங் இருக்கும். அது காய்ந்து வெடித்தால் தண்ணீர் கீழே ஆயிலுக்குள் இறங்கும், சைலன்சர் பக்கம் போகாது. இதற்கு லைனரைத்தான் மேலே எடுக்க வேண்டும்.

லைனர், பிஸ்டன், ரிங்

சித்தப்பா சொன்ன வழி. ரிங்கும் லைனரும் தேய்ந்தால் அழுத்தம் கசியும், டீசலை எரிக்கப் போதுமான சூடு வராது, அதனாலும் வெள்ளைப் புகை வரும். சில ஆயிரம் ரூபாய் பொருளுக்கு, கூலி தனி, இரண்டு மூன்று நாள் இன்ஜின் நிற்கும். தேவை இருந்தால் இதைவிட நல்ல செலவு கிடையாது, இன்ஜினுக்கு மறுபிறவி. தேவை இருக்கிறதா என்பதைக் கையே சொல்லும். டீசலை நிறுத்திவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரை இறக்கி, ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ஸ்பிரிங்கை அமுக்குவதுபோல எதிர்க்கும். அங்கேயே அழுத்திப் பிடியுங்கள். நல்ல இன்ஜின் பல வினாடி தாங்கும், விட்டால் பின்னால் உதைக்கும். தேய்ந்தது 'புஸ்' என்று தளர்ந்து கையோடு சுற்றிவிடும்.

அந்த 'புஸ்' எங்கே கேட்கிறது என்று காது கொடுங்கள். சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால்தான் ரிங்கும் லைனரும். வால்வு என்றால் முதலில் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் நெம்புக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பாருங்கள், அது இறுகியிருந்தாலே வால்வு மூடாது, ஒரு ஸ்பேனரோடு வேலை முடிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் நாசில் குழி வழியாக ஒரே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, லீவரைத் தூக்கி நாலு சுற்றுச் சுற்றி, நாசிலை மாட்டி மறுபடி பாருங்கள். எதிர்ப்பு கூடிவிட்டால் ரிங் தேய்மானம் உறுதி. மாறவே இல்லை என்றால் வால்வு.

எங்கள் இன்ஜின் இதில் சுமாராகத் தேறியது. நான்கைந்து வினாடி தாங்கியது. இன்னும் ஓரிரு பருவம் ஓடும், அடுத்த கோடையில் லைனர் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். பயிர் பால் பிடித்திருக்கும்போது இன்ஜினைப் பிரித்துப் போடக் கூடாது என்பதும் அந்த முடிவில் இருந்தது. ரிங் தேய்ந்த இன்ஜின் காலையில் சிரமப்பட்டுத்தான் ஸ்டார்ட் ஆகும், ஆனால் சூடானால் ஓடும். அறுவடை வரை அதைச் சமாளித்துக்கொண்டு போகலாம். தண்ணீர் போகிற ஹெட்டை அப்படிச் சமாளிக்க முடியாது, ஒவ்வொரு நாள் ஓட்டமும் சேதத்தைப் பெரிதாக்கும். அவசரம் எது, காத்திருக்கக்கூடியது எது என்பதில் நான் வைக்கிற கோடு இதுதான்.

பெரிய ஃப்ளைவீல் போட்டு நிமிடத்துக்கு 650 சுற்று ஓடுகிற பழைய மெதுவோட்ட இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இன்னும் லாபம். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த வடிவம் அது. ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் இன்ஜின்களை வார்த்ததால் உதிரி பாகத்துக்குக் குறைவில்லை. வார்ப்பு கனமானது, பிளாக் நன்றாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உயிர் கொடுக்கலாம்.

மாற்றுவதா?

பிளாக்கிலேயே விரிசல், அல்லது கிராங்கும் தேய்ந்து லைனரும் தேய்ந்து டீசல் பம்பும் போய்விட்டது என்றால் மாமா சொன்னதுதான் சரி. அதற்குக் குறைவான காரணத்துக்காக, வெறும் வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டு, இன்ஜினை எடைக்குப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின் மோட்டார் நிச்சயம் நிம்மதி. தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். ஆனால் இணைப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும், இந்தப் பயிரை அது காப்பாற்றாது. 2019-இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் 7.5 குதிரைத்திறன் வரை சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் தருகின்றன. சொந்தக் கிணறோ போரோ இருந்து, ஒரே இடத்தில் இறைப்பவர்கள் அதைத் தாராளமாக எடுக்கலாம், டீசல் செலவே ஒழியும். எங்கள் நிலைமை வேறு. கார்த்திகையில் பள்ளத்து வயலில் தேங்கின மழைத் தண்ணீரை வடிக்க ஓரிடம், தை மாதம் ஆற்றோரம் இன்னோரிடம், கோடையில் குளக்கரை. டிராக்டர் டிப்பரில் ஏற்றிக்கொண்டு போகிற இன்ஜின்போல, நட்டு வைத்த பேனல் எங்களோடு வராது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் மாசி முதல் வாரம் வரை அதே இன்ஜினில் மூன்று தண்ணீர் கட்டினோம். கேட் வால்வின் தண்டில், தண்ணீர் சரியான சூட்டில் விழுகிற இடத்தைப் பார்த்து, தம்பி மகன் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான். யார் போய் ஓட்டினாலும் ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கோட்டுக்குத் திருப்பிவிட்டுத்தான் மடையைப் பார்க்கப் போகிறார்கள்.